மழையின் திசை குறித்த அறிக்கை

செப்டம்பர் 15, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். சுனாமி மறுவாழ்வுத் திட்ட அலுவலகம். பதவி: தற்காலிக ஆலோசகர், காலநிலை. ஆறு மாதம். மேசை தந்திருக்கிறார்கள். நாற்காலி நாளை வருமாம். நின்றபடியே கையெழுத்திட்டேன்.

கண்காணிப்பாளர் வைத்திலிங்கம் ஒரு கோப்பை நீட்டினார்.

“காலநிலை படிச்ச ஆளு வேணும்னு மூணு மாசமா எழுதிக் கேட்டோம் தம்பி. எதுக்கு? ஒரே ஒரு கேள்விக்கு. பெரிய நிலநடுக்கம், சுனாமி இதெல்லாம் காலநிலைய மாத்துமா, மாத்தாதா? ஆம், இல்லை. ரெண்டுல ஒண்ண எழுதிட்டா மிச்ச அஞ்சரை மாசம் ஆற அமர உக்காரலாம்.”

எதில் உட்காருவது என்று கேட்கவில்லை.

விடுதியில் இரண்டாம் மாடி. கீழ்த்தள அறையில்தான் காற்று வரும் என்றார் மேலாளர். மாடிதான் வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாற்காலி வரவில்லை. கோப்பை நின்றே படித்தேன்.

ஊர்: நம்பிக்கை நகர். வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்குப் போன வருடம் கட்டிக்கொடுத்தது. 212 வீடுகள், ஒரே அச்சு. ஒவ்வொரு வீட்டிலும் கிழக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், நாலடி அகலத்துக்கு ஒரு திறப்பு. கதவு கிடையாது. கோப்பில் அதன் பெயர் ‘காற்றோட்டத் திறப்பு’. மனுவில் அதன் பெயர் ‘ஓட்டை’.

இந்தக் கரையில் ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும். கோழிக்குக்கூடத் தெரியும். திறப்பு வழியாக உள்ளே நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். மழைக்கு ஒரு நடைபாதை.

47ஆம் எண் வீட்டில் இருக்கும் சிங்காரவல்லி என்பவர் அதை அடைக்க அனுமதி கேட்டிருக்கிறார். கட்டுமானப் பிரிவின் பதில் கீழே:

‘வரைபடம் சரியானதே. பெரும் நிலநடுக்கத்தின் விளைவாகக் காலநிலை மாறி, மழை வரும் திசை திரும்பியிருக்க வாய்ப்புள்ளது. ஆகவே இது கட்டுமானக் குறை ஆகாது. காலநிலை ஆலோசகரின் கருத்தைப் பெற்று முடிவு செய்யலாம்.’

“சுனாமி வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆனபிறகு கட்டின வீடு சார்” என்றேன்.

“வீடு அப்புறம்தான். வரைபடம் முன்னாடியே போட்டது. நிலம் நடுங்கப்போவுதுன்னு வரைபடத்துக்கு எப்படித் தெரியும்?”

முதுகலையில் இப்படி ஒரு பாடம் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

நாலு செங்கல் வைத்து அடைத்துவிட்டால் என்ன, இதற்கு அனுமதி எதற்கு என்று கேட்டேன்.

உரிமைப் பத்திரம் கைக்கு வரும்வரை சுவரை யாரும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஒதுக்கீடு ரத்து. 12ஆம் எண் வீட்டுக்காரர்கள் போன வருடம் அடைத்தார்கள். வீட்டுக்குச் சீல் வைத்தாயிற்று. இப்போது அந்தக் குடும்பம் தாங்கள் அடைத்த சுவரின் வெளிப்பக்கத்தில் கீற்றுச் சாய்த்துக் குடியிருக்கிறது. சீல் வைத்த வீட்டுக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை என்று ஆய்வுக் குறிப்பு சொல்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா பேசினாள். ஞாயிறுகளில் பத்து மணிக்கு முன்னால் அவள் யாருடனும் பேசுவதில்லை.

“மாடியிலதான இருக்க?”

“ஆமா.”

“அந்தப் பக்கம் போறியா?”

“வேலை சரியா இருக்கும்மா.”

துணி துவைத்தேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை.

செப்டம்பர் 22, திங்கள்

குறைதீர் நாள். சிங்காரவல்லி வந்தார். கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, அலுவலகப் பூனையைப் பார்த்து விரல் ஆட்டி எச்சரித்துவிட்டு, நேராக என் மேசைக்கு.

“நீதான் காத்து மழ படிச்ச புள்ளயா?”

“ஆமாங்க.”

“மழ எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு படிச்சாத்தான் தெரியுமா? ஒரு நாளு எங்கூட்ல வந்து படு. முதுவே சொல்லும்.”

வைத்திலிங்கம் சிரித்தார். சிங்காரவல்லி சிரிக்கவில்லை.

மகள் பூவிழிக்கு இது தலைப் பிரசவம். கார்த்திகை முதல் வாரம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இருப்பது ஒரே அறை. பாய் போட முடிவது ஒரே இடம், திறப்புக்கு நேர் கீழே. போன மழையில் பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தைக்குச் சளி கட்டியது. பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது.

“சம்பந்தி வூட்ல தெரிஞ்சி போச்சி. ஈர வூட்டுக்கு மருமவள அனுப்ப மாட்டோம்றாங்க. அவங்க சொல்றதும் ஞாயந்தான். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவ ஒருத்தி. ஓட்டைய அடைச்சா வூடு போவும். அடைக்கலன்னா அவ வரமாட்டா. எதுனா ஒண்ணு சொல்லு தம்பி.”

கிழக்கில் காற்று எப்போது திரும்பும், கிழக்கில் மேகம் எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார்.

“என்னா, கெழக்கு கெழக்குன்ற? கடலுன்னு சொல்ல வாய் வராதா? உங்கூட்ல யாரு?”

யாரும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேற்று ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அவரிடம் சொன்னதை எழுதினேன். அவ்வளவுதான்.

நாற்காலி வந்தது. ஒரு கால் குட்டை.

அக்டோபர் 1, புதன்

கள ஆய்வு. கட்டுமானப் பிரிவின் பொறியாளரும் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மழையின் திசையை நேரில் பரிசோதிக்கப் போவதாகச் சொன்னார். மழை இல்லை. ஆகவே ஒரு தண்ணீர் லாரி.

லாரியை 47ஆம் எண் வீட்டின் மேற்குப் பக்கம் நிறுத்தி, குழாயை உயர்த்தி, கால் மணி நேரம் பீய்ச்சினார்கள். பிறகு பொறியாளர் உள்ளே போய் கிழக்குச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“சொட்டு இல்ல. வடிவமைப்புல குறையே கிடையாது. எழுதிக்குங்க.”

சிங்காரவல்லி நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: “அந்தப் பக்கம் சொவரும் சாத்துன கதவுந்தான சார் இருக்கு. சொவத்துல அடிச்சா எப்படி உள்ள வரும்?”

“அதான்மா நானும் சொல்றன். வரல.”

கிழக்கிலிருந்து ஒருமுறை பீய்ச்சிப் பார்க்கலாம் என்றேன். மணலில் லாரி இறங்காதாம்.

இதெல்லாம் ஜீப்பில் இருந்தபடி, பக்கக் கண்ணாடியில் பார்த்தது. ஜீப் மேற்கு நோக்கி நின்றது. இறங்கத் தேவை ஏற்படவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

அறிக்கை எழுதுகிறேன். படித்தவற்றின் சாரம்:

எரிமலை பெரிதாக வெடித்தால் கந்தகம் மேலே போய் வெயிலைத் தடுக்கும். உலகம் ஓரிரு வருடம் சற்றுக் குளிரும். நிலநடுக்கம் அப்படி எதையும் மேலே அனுப்புவதில்லை. சுனாமி ஆழத்து நீரை மேல் நீரோடு கொஞ்சம் கலக்கலாம். அடித்தரையில் உறைந்திருக்கும் வாயு கொஞ்சம் கசியலாம். கரையோரக் காடு அழிந்தால் அந்த இடத்துக் காற்றும் வெக்கையும் கொஞ்சம் மாறலாம். எல்லாம் கொஞ்சம். பருவமழையின் திசையைத் தீர்மானிப்பது ஒரு கண்டமே சூடாகி ஆறுவது. அதை ஓர் அலை மாற்றாது. மற்ற எல்லாவற்றையும் மாற்றும்.

கடைசி வாக்கியத்தை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டேன்.

அந்த நிலநடுக்கத்தால் ஒரு நாளின் நீளம் நொடியில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்திருக்கலாம் என்ற கணக்கு ஒன்று உண்டு. வைத்திலிங்கத்திடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

“நாள் கொறஞ்சிருக்கு. ஆபீஸ் நேரத்த மட்டும் கொறைக்கலயா?”

அக்டோபர் 13, திங்கள்

கோப்பின் பதில் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வைத்திலிங்கம் வெளிறிப்போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன தம்பி பண்ணிட்டீங்க? காலநிலை மாறலன்னா வீடு தப்பு. வீடு தப்புன்னா விசாரணை. விசாரணைன்னா அந்த ஓட்டை சாட்சி. சாட்சிய யாராவது அடைப்பாங்களா? மூணு வருஷத்துக்கு ஒருத்தரும் கிட்ட போக முடியாது.”

“‘ஆம்’னு எழுதியிருந்தா?”

“காலநிலை மாறிடுச்சி. புதுசா எந்தப் பக்கம் வருதுன்னு அளக்கணும். அதுவும் மூணு வருஷம்தான். ஆனா யாருக்கும் கெட்ட பேரு இல்ல.”

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். கோபப்படாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 15, புதன்

மூல வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் நீல மையில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று. இடது என்றால் மேற்கு.

அது மேற்குக் கரையில் ஓர் ஊருக்குப் போட்ட வரைபடம். அங்கே அலைகள் மேற்கில். பெருமழையும் மேற்கிலிருந்துதான். அதற்கு முதுகு காட்டி, மறைவான கிழக்கில் திறப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. யோசித்துச் செய்த வேலை. அதை அப்படியே கொண்டுவந்து இந்தக் கரையில் 212 முறை கட்டிவிட்டார்கள்.

தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். எல்லாம் சரியாக இருந்தது.

பொறியாளரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “இத யாருகிட்டயும் காட்டாதீங்க” என்றார். பிறகு, “நல்லா கண்டுபிடிச்சீங்க” என்றார்.

அறிக்கையோடு வரைபடத்தையும் சேர்த்துக் குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

மழை. கிழக்கிலிருந்து.

அக்டோபர் 20, திங்கள்

சிங்காரவல்லி வந்தார். கூடை இல்லை. கருவாடு எல்லாம் நனைந்துவிட்டதாம்.

“சம்பந்தி கெடு சொல்லிட்டாங்க. கார்த்திக பொறக்கறதுக்குள்ள வூடு காஞ்சிருக்கணும். இல்லன்னா அவங்க வூட்லயே பாத்துக்குவாங்க. அங்க ஒத்த ஆளு இல்ல தம்பி, மாமியா காலைல கூடய தூக்கிட்டுப் போனா பொழுது சாஞ்சிதான் வருவா. எம்பொண்ணு வலியெடுத்துக் கத்துனா நாய்தான் வந்து பாக்கணும்.”

மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றேன்.

“மேலிடத்துல மழ பெய்யுதா?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. வீட்டில் நான்கு வருடமாக வெடி வாங்குவதில்லை. அதைக் கேட்கும் வயதில் இப்போது அங்கே யாரும் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

ஆணை வந்துவிட்டது. அப்படியே படியெடுக்கிறேன்:

‘காலநிலை மாறவில்லை என்ற ஆலோசகரின் கருத்து ஏற்கப்படுகிறது. வரைபடம் சரியானது என்ற கட்டுமானப் பிரிவின் கருத்தும் ஏற்கப்படுகிறது. இரண்டும் ஒருங்கே பொருந்தும்பொருட்டு, இத்திட்டத்தின் நோக்கங்களுக்காக மட்டும், நம்பிக்கை நகரில் கடல் உள்ள திசை மேற்கு எனக் கொள்ளப்பட வேண்டும்.’

மூன்று முறை படித்தேன். வைத்திலிங்கத்துக்கு முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தீங்களா? யாரு மனசும் கோணல.”

“சார், சூரியன்?”

“அது நம்ம திட்டத்துல வராது.”

மாலைக்குள் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள். நம்பிக்கை நகர், மேற்குக் கடற்கரைச் சாலை. தபால்காரர் நாளை முழுக்கத் தேடுவார்.

நவம்பர் 4, செவ்வாய்

தூங்கவில்லை. காலையில் வரைபடத்தையும் ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆணைப்படி அலைகள் இருப்பது மேற்கு. ஆகவே அதைப் பார்த்திருக்கும் சுவர் மேற்குச் சுவர். வரைபடத்தில் மேற்குச் சுவரில் திறப்பே இல்லை. நேரில் இருக்கிறது. வரைபடத்தில் இல்லாத திறப்பு நேரில் இருந்தால், விதிப்படி, குடியிருப்பவர் அனுமதியின்றித் துளைத்தது. முதல் தடவை என்றால் மன்னிப்புக் கடிதம் போதும். ஆனால் ஏழு நாளுக்குள் அடைத்தாக வேண்டும்.

அடைத்தாக வேண்டும்.

அறிவிப்பை நானே எழுதினேன். 212 பேரைக் குற்றவாளிகள் என்று எழுத ஒன்றேகால் பக்கம் போதுமானதாக இருந்தது. இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை.

வைத்திலிங்கம் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை வைத்தார்.

நவம்பர் 10, திங்கள்

அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. பத்தரை மணிக்கு அலுவலக வாசலில் இருநூறு பெண்கள். முன்னால் சிங்காரவல்லி, கையில் தாள்.

“எவன்டா எழுதுனது? நா சொவத்த ஓட்ட போட்டனா? நாலு வருசமா ஓட்டைய அடைங்கடான்னு நாயா அலையறவ ஓட்ட போட்டனா?”

“ஒரு வருஷம்தான்மா” என்றார் வைத்திலிங்கம். “வீடு கட்டி ஒரு வருஷம்தான் ஆவுது.”

“சரி, ஒரு வருசம். எரநூத்திப் பன்னண்டு வூட்லயும் ஒரே அளவுல, ஒரே எடத்துல, அளவுகோல் வெச்சி ஓட்ட போட்டமா?”

“ஒத்துமையான ஊரும்மா உங்க ஊரு.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிங்காரவல்லி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

எழுதியது நான்தான் என்றேன். சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என் மேசைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான்.

அறிவிப்பின் கடைசி வரியைக் காட்டினேன். ஏழு நாளுக்குள் அடைக்காவிட்டால் நடவடிக்கை. அடைத்தால் ஒதுக்கீடு தொடரும்.

வாய்விட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

“அடைக்கணும்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“அடைக்கலாம்னு இல்ல. அடைச்சே தீரணும்னு.”

“ஆமா.”

“அதுக்கு நா திருடின்னு ஒத்துக்கணும்.”

தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் போய்விட்டார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

சிங்காரவல்லி மட்டும் வந்தார். மன்னிப்புக் கடிதத்துக்கு அச்சிட்ட படிவம் இருக்கிறது. வைத்திலிங்கம் கேட்டுக் கேட்டு நிரப்பினார்.

பெயர். வீட்டு எண். துளைக்கப்பட்ட சுவர்: மேற்கு.

“மேற்குன்னே போடு சாமி. எனக்கென்ன.”

“ஓட்டை போட்ட தேதி?”

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

“மார்கழி பதினொண்ணு. ஞாயித்துக் கெழம. காலைல ஒம்போது மணிக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“எந்த வருஷம்?”

“நாலு வருசம் ஆச்சி. அன்னைக்கி விழுந்த ஓட்டதான் சார் அது. இன்னம் அடைக்கல.”

வைத்திலிங்கம் எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் பேனா நின்றது. அந்தத் தேதியில் வீடே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. எழுதி முடித்து, மை ஒற்றி, தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். எழுந்து நின்று வைத்தார்.

நான் வெளியே போய்விட்டேன். தண்ணீர் குடிக்க.

மாலைக்குள் மற்ற எல்லாரும் வந்தார்கள். எல்லாப் படிவத்திலும் அதே தேதி, அதே நேரம்.

நவம்பர் 14, வெள்ளி

நம்பிக்கை நகரில் செங்கல் கிடைத்தவர்கள் செங்கல். கிடைக்காதவர்கள் உடைந்த படகின் பலகை, மீன் பெட்டி, ஒரு வீட்டில் பழைய பள்ளிக்கூடக் கரும்பலகை. 12ஆம் எண் வீட்டுக்காரர்கள் தாங்கள் ஏற்கெனவே அடைத்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். விதியை முன்கூட்டியே கடைப்பிடித்தமைக்காகச் சீல் நீக்கம்.

சிங்காரவல்லி வீட்டில் உள்பக்கம் அவர் பூசினார். வெளிப்பக்கம் பூச ஆள் இல்லை.

“சும்மாதான நிக்கற. கரணைய புடி.”

வெளிப்பக்கம் என்றால் அந்தப் பக்கம். சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்து நின்றேன். கலவையை அப்பினேன். முதுகில் ஈரக் காற்று. சத்தம். விட்டு விட்டு வரும் அந்தச் சத்தம். கடைசிச் செங்கல் வைக்குமுன் துளை வழியாக அவர் முகம் தெரிந்தது.

“யாரு?” என்றார்.

“தம்பி. இப்ப இருந்தா பதினாறு.”

“கைய புடிச்சிருந்தியா?”

“புடிச்சிருந்தேன்.”

அவர் துளை வழியாகக் கை நீட்டி, என் மணிக்கட்டில் வழிந்த சிமென்டைத் துடைத்துவிட்டார். பிறகு நான் கடைசிச் செங்கலை வைத்தேன்.

வரும்போது கடல் ஓரமாகவே நடந்து வந்தேன். அது மேற்கிலும் இல்லை, கிழக்கிலும் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

கார்த்திகை ஒன்று. சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்களாம். பூவிழியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். காலை ஒன்பது மணிக்கு. எடுத்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம். பெண். இரண்டே முக்கால் கிலோ. வைத்திலிங்கம் அலுவலகம் முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். தன் செலவில் என்று இரண்டு முறை சொன்னார்.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு நாளாகப் புயல் மழை. மின்சாரம் இல்லை. அலுவலகத்துக்கு விடுமுறை. காலையில் குடையோடு கிளம்பி, பாதியில் குடை இல்லாமல், நம்பிக்கை நகர் போய்ச் சேர்ந்தேன்.

மழை படுக்கைவாட்டில் வந்துகொண்டிருந்தது. கரும்பலகை வைத்து அடைத்த வீட்டில் பலகை சற்று விலகி, இரண்டு ஆண்கள் தோள் கொடுத்து நின்றிருந்தார்கள். மற்றவை நின்றன.

47ஆம் எண் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப் போனேன். சிங்காரவல்லி எட்டிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். உள்ளே இருட்டு. சுவரோரம் பாய். பூவிழி ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள். அவள் கைக்குள் ஒரு துணிச் சுருணை, அதில் ஒரு முகம்.

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மறுபக்கத்திலிருந்து மழை அறைவது கையில் தெரிந்தது. கை காய்ந்திருந்தது.

“மெதுவா பேசு” என்றார் சிங்காரவல்லி. நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை. “மழ பெய்யறது கொழந்தைக்கு இன்னம் தெரியாது.”